ரெண்டு கடலுக்கு நடுவில ஒரு ஞாயிற்றுக்கிழமை

கொழும்பில இருந்து சொந்தக்காரர் எங்கட திருமலைக்கு, அதான் திருகோணமலைக்கு, வெளிக்கிட முன்னமே வாட்ஸ்அப்பில ஒரு லிஸ்ட் வந்திரும். கோணேஸ்வரம், கன்னியா, புறாமலை, மார்பிள் பீச், நிலாவெளி, டைம் இருந்தா திமிங்கிலம், எல்லாம் ஒரே ஞாயிற்றுக்கிழமைக்குள்ள, அதுவும் இரவு பஸ்ஸுக்கு முன்னம். ஏலுமா எண்டு கேப்பினம். ஏலும் எண்டுதான் நானும் சொல்லுறது, விருந்தாளியளோட என்ன வாக்குவாதம், ஆனா பின்னேரம் வானால இறங்கேக்க அவையின்ட முகத்தப் பாத்தா ஏதோ சோதனை எழுதிட்டு வந்த பிள்ளையள் மாதிரி இருக்கும். ஃபோன் நிறையப் படம், கால் நிறைய மண், மத்தியானம் சாப்பிட்டது ரோட்டுக்கடை ஃப்ரைட் ரைஸ். திருமலைக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமா, ஃப்ரைட் ரைஸ்! அம்மாட காதில அது விழுந்தா அந்தக் கிழமை முழுக்க அதே கதைதான்.

ஊர்ல இருக்கிற எங்கட ஞாயிற்றுக்கிழமைல அந்த லிஸ்ட்ல உள்ளதில ஒண்டு வந்தா பெரிய விசயம், சில கிழமை ஒண்டும் வராது. கடல், கோயில், மீன் சந்தை, பேப்பர், நித்திரை, திரும்பவும் கடல், இவ்வளவுதான். எழுதிப் பாத்தா ஒண்டும் இல்லாத மாதிரித்தான் கிடக்கு. ஆனா ஊரின்ட அமைப்பு அப்பிடி. மேப்பத் திறந்து பாருங்கோ, டவுன் இருக்கிறது ஒரு ஒடுங்கின நிலத்தில. கிழக்கால டச்சு பே, அதுக்கு வடக்கால பேக் பே, ரெண்டுக்கும் நடுவில கோட்டையும் சுவாமி மலையும் கடலுக்குள்ள நீட்டிக்கொண்டு நிக்குது. மேற்கால திரும்பினா உட்துறைமுகம், அலை எண்டு சொல்ல ஒண்டும் இல்லாத தண்ணி. சூரியன் ஒரு தண்ணில இருந்து எழும்பி மற்றத் தண்ணிக்கு அங்கால இறங்குது, இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் இடையில ஆறுதலா நடந்தாலும் அரை மணித்தியாலம் பிடிக்காது. அதால நாங்க மணிக்கூடு பாக்கத் தேவை இல்ல, வெயில் எந்தப் பக்கம் எண்டு பாத்தாக் காணும்.

கொழும்பில வேலை செய்த காலத்தில வெள்ளவத்தைல ஒரு ரூம்ல இருந்தனான். அங்கயும் கடல் இருக்கு, றெயில் பாதையத் தாண்டினா கடல்தான், ஆனா அது பின்னேரக் கடல் மட்டும். விடியக் காலமை போய் நிண்டா சூரியன் எங்களுக்குப் பின்னால மாடி வீடுகளுக்கு மேலால வரும், கடல் நிழலுக்குள்ள கிடக்கும். சனி ஞாயிறு எண்டா ஒண்டில் பெரிய கடைக்கட்டிடங்களுக்குள்ள ஏசில நடக்கோணும், இல்லாட்டி காலிமுகத்திடலுக்குப் போய் இறால் வடைக்கு லைன்ல நிக்கோணும். நான் அதக் குறை சொல்லேல்ல, பெரிய நகரத்தில அதுவும் ஒரு சந்தோசம்தான், ஆனா அங்க ஓய்வெடுக்கிறதுக்குக் கூட வெளிக்கிட்டுப் போகோணும், போக பஸ், வர பஸ், போன இடத்தில காசு. இஞ்ச வாசல்ல செருப்பப் போட்டா முடிஞ்சுது. திருமலை பெரிய நகரமா எண்டு சில பேர் சிரிப்பினம், மூதூர், சம்பூர், குச்சவெளிப் பக்கம் போய்க் கேளுங்கோ, அவைக்கு டவுன் எண்டா இதுதான், ஞாயிற்றுக்கிழமை புது உடுப்புப் போட்டுக்கொண்டு பிள்ளையளோட வந்து இறங்கிற இடமும் இதுதான்.

சரி, விடியல். ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் நேரம் செண்டு எழும்பலாம் எண்டு படுத்தாலும் ஏலாது, ஏப்ரல் தாண்டிட்டா இஞ்ச ஆறு மணிக்கெல்லாம் ரூமுக்குள்ள வெளிச்சம் வந்திரும், ஏழரைக்கு வெக்கை. அதால வெள்ளண எழும்பிறதுதான் லாபம். ஒரு ப்ளேன்ரீ, இஞ்சி தட்டிப் போட்டு, சீனிய உள்ளங்கைல வச்சு நக்கிக்கொண்டு குடிக்கிறது அம்மாட பழக்கம், எனக்கும் அது ஒட்டிட்டுது. குடிச்சிட்டு மகளையும் கூட்டிக்கொண்டு டச்சு பே பக்கம் நடப்பன். அந்த நேரத்தில அங்க நிக்கிற ஆக்கள் எல்லாரையும் முகம் தெரியும், பேர் பாதிப் பேருக்குத் தெரியாது. நீரிழிவுக்கு நடக்கச் சொன்ன ஓய்வுபெற்ற ஆசிரியர்மார், தொப்பி போட்ட ஒரு ஐயா, கடலப் பாத்து நிண்டு கைய மட்டும் ஆட்டி எக்ஸசைஸ் செய்யிற ஒரு அன்ரி, இரவு டியூட்டி முடிஞ்சு நேர வந்து மணல்ல இருக்கிற ஆஸ்பத்திரி ஆக்கள். ஒருத்தரும் பெரிசாக் கதைக்கிறேல்ல. "என்ன தம்பி, மகள் வளந்திட்டா" எண்டு ஒரு வசனம், அவ்வளவுதான், அடுத்த கிழமையும் அதே வசனம் வரும்.

சில நாள் அங்கால பேக் பே பக்கம் திருக்கடலூர்க் கரைக்குப் போனா கரைவலை இழுக்கிறதப் பாக்கலாம். அத இழுக்கிறதப் பாக்கிறதெண்டா அவசரம் இருக்கக் கூடாது. வலைய வள்ளத்தில கொண்டுபோய் அரை வட்டமா இறக்கிட்டு ரெண்டு தலைப்புக் கயித்தையும் கரைல ரெண்டு கூட்டம் பிடிச்சு இழுக்கும், முதல்ல தூர தூர நிண்டு இழுக்கிற ஆக்கள் வலை கிட்ட வரவர தாங்களும் நெருங்கி வருவினம், பாட்டுப் போல ஒரு சத்தம், கால் மணலுக்குள்ள புதையும், பாக்கிறவனுக்கே தோள் நோகும். வலையின்ட மடி கரைக்கு வரேக்க காகமும் கடல் பறவையும் மேல சுத்தும், சின்னப் பெடியள் விழுகிற சூடையப் பொறுக்க ஓடுவாங்கள். ஒரு நாள் மடி நிறைய கீரி மீன், ஒரு நாள் வெறும் சொறியும் பாசியும். வெறும் மடி வந்தாலும் வலைக்குச் சொந்தக்காரச் சம்மாட்டியின்ட முகத்தில பெரிய மாற்றம் தெரியாது, மனுசன் வலைய உதறச் சொல்லிட்டு வெத்திலையப் போடுவார். எனக்கு அந்த மனுசரப் பாத்தா எங்கட ஒஃபிஸ் மீட்டிங்குகள் ஞாபகம் வரும், அங்க ஒரு சின்ன நட்டத்துக்கு எத்தின ஈமெயில்.

கோயிலுக்குப் போறதெண்டா அதுவும் இந்த நேரத்துக்குத்தான். இதில ஒரு சட்டம் இருக்கு, எங்கட வீட்டில எண்டில்ல, ஊர்ல முக்கால்வாசி வீட்டில. ஞாயிற்றுக்கிழமை மச்சம், எண்டா மீன், நண்டு, இறைச்சி, சமைக்கிற நாள். மச்சம் சாப்பிட்டா அண்டைக்குக் கோயில் வாசல் மிதிக்கேலாது. அப்ப சுவாமி மலைல இருக்கிற கோணேசரையும் பாக்கோணும், நண்டும் தின்னோணும் எண்டா வரிசை முக்கியம், முதல்ல மலை, பிறகு சந்தை. இத மாத்தி யோசிச்சு, மத்தியானம் சாப்பிட்டிட்டு பின்னேரம் போவம் எண்டு மனிசி ஒருக்காச் சொல்லிப் பாத்தவ, அம்மா ஒண்டும் பேசேல்ல, ஒரு பார்வை, அதோட அந்தக் கதை முடிஞ்சுது.

மலைக்குப் போற வழி கோட்டைக்குள்ளால, அந்த வாசலுக்குள்ள நுழையேக்கயே ஒரு மாதிரி இருக்கும், எத்தின முறை போனாலும். 1620களில போர்த்துக்கேயர் மலைல இருந்த பெரிய கோயில இடிச்சு, அந்தக் கல்லையே எடுத்து இந்தக் கோட்டையக் கட்டினவங்கள். பிறகு டச்சுக்காரர், பிறகு இங்கிலீஸ்காரர், அவங்கள் 1803ல இங்கிலாந்து ராசாட மகன்ட பேர வச்சு பிரெட்றிக் கோட்டை ஆக்கினாங்கள். வாசல் கல்லில ரெண்டு மீனும், "முன்னே குளக்கோட்டன்" எண்டு தொடங்கிற பழைய தமிழ் எழுத்தும் இண்டைக்கும் இருக்கு, கட்டினவை கோயில்க் கல்லப் பிரட்டிக் கூடப் பாக்காம வச்சிருக்கினம். எல்லாரும் அதுக்குப் பக்கத்தால சர்ரெண்டு போவினம். உங்களுக்கு நேரம் இருந்தா நில்லுங்கோ, தேய்ஞ்சுதான் இருக்கு, ஆனா விடியக் காலமை வெயில் சரிவா விழேக்க எழுத்து கொஞ்சம் தெளியும்.

உள்ளுக்க இண்டைக்கும் ஆமி காம்ப். ரோட்டு ஓரமா மரநிழல்ல புள்ளிமான்கள் படுத்திருக்கும், எங்கட ஊர் மானுக்கு மனுசரப் பயம் இல்ல, கைல வாழைப்பழம் இருந்தா உடுப்பப் பிடிச்சு இழுக்கும். மகளுக்கு கோணேசரை விட மானில பக்தி கூட. எனக்கு இந்த மானுகளப் பாத்தா சந்தோசமும் கவலையும் சேந்துதான் வரும், ஏனெண்டா இரவில இதே மான்கள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் குப்பைக்குள்ள பொலித்தீன் பேக்க மென்டுகொண்டு நிக்கிறதையும் நாங்க பாக்கிறனாங்கள். தின்னக் குடுக்கிறதெண்டா பழத்தக் குடுங்கோ, பிஸ்கட்டப் பேக்கட்டோட எறியாதேங்கோ. இது கட்டுரைக்குச் சம்பந்தமில்ல, எழுதாம விடவும் மனம் வரேல்ல.

செருப்பக் கழட்டிட்டு ஏறினா அங்கால பெரிய சிவன் சிலை, கோயில், அதுக்குப் பின்னால ராவணன் வெட்டு எண்டு சொல்லுற பாறைப் பிளவு. சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டில இந்த மலையப் பாடேக்க கடல் முத்தக் கொண்டு வந்து கொழிக்குது எண்டு பாடினவர். மேல நிண்டு கீழ பாத்தா அலை பாறைல அடிச்சு வெள்ளை வெள்ளையாச் சிதறும், அவர் பாடினது வெறும் புகழ்ச்சி இல்ல எண்டு விளங்கும். 1950ல கிட்டடிலதான் கிணறு வெட்டேக்க பழைய விக்கிரகங்கள் எடுபட்டது, 1956ல எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவர்ட கூட்டாளி மைக் வில்சனும் இந்தப் பாறைக்குக் கீழ கடலுக்குள்ள சுழியோடிப் பழைய கோயிலின்ட கல்லுகளக் கண்டவை, 1963ல இப்ப இருக்கிற கோயிலுக்குக் கும்பாபிஷேகம். அம்மா அந்தக் கும்பாபிஷேகத்துக்கு அம்மம்மாட இடுப்பில இருந்து போனவவாம். அவவுக்கு ஒண்டும் ஞாபகமில்ல, ஆனா சொல்லேக்க நேத்துப் பாத்தவ மாதிரித்தான் சொல்லுவா.

திரும்பி வரேக்க இடியப்பம். ஞாயிற்றுக்கிழமை விடியக் காலமை வீட்டில இடியப்பம் பிழியிறது எண்டது எங்கட வீட்டில எப்பவோ நிண்டு போச்சு, ஒழுங்கைக்குள்ள ஒரு அக்கா அவிச்சு விக்கிறா, பெட்டி கொண்டு போனா வாழை இலை போட்டு அடுக்கித் தருவா, சம்பலும் சொதியும் சின்னப் பேக்ல கட்டி. சிவப்பு இடியப்பம் எட்டு மணிக்கு முன்னம் முடிஞ்சிரும். "தம்பி, உங்களுக்கெண்டு எடுத்து வச்சிருக்கிறன்" எண்டு எல்லாருக்கும் சொல்லுவா, எனக்குத் தெரியும், ஆனாலும் அப்பிடிச் சொல்லேக்க ஒரு புழுகம்தான்.

இனித்தான் நாளின்ட முக்கியமான வேலை. மீன் சந்தை. கிழமை நாள்ல மீன் வாங்கிறது எண்டா ஒஃபிஸால வாற வழில ரோட்டோரத்தில கிடந்தத வாங்கிறது, ஞாயிற்றுக்கிழமை வாங்கிறது வேற. முதல் ஒரு சுத்து ஒண்டும் வாங்காமச் சுத்தோணும். அறுக்குளா என்ன விலை, பாரை எப்பிடி, கணவாய் இண்டைக்கு வந்ததா நேத்தையதா, விளமீன்ட கண் தெளிவா இருக்கா, செவுளத் தூக்கிப் பாத்தா சிவப்பா மண்ணிறமா. அறுக்குளாவுக்கு விலை கேட்டிட்டுப் பேசாம அடுத்த கடைக்குப் போறதுதான் இப்ப வழக்கம், 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அது கலியாண வீட்டு மீன் ஆகிட்டுது. ரெண்டாவது சுத்தில கிண்ணியால இருந்து வாற முஸ்லிம் அண்ணர் ஒருத்தர், நாங்க நானா எண்டு கூப்பிடுறவர், அவர்ட தட்டடிக்குப் போவன். மனுசன் நண்டும் இறாலும்தான் விக்கிறது.

"நானா, நண்டு எப்பிடி?"

"தம்பிக்கு எண்டா நல்லது மட்டும் தாறன்" எண்டு சொல்லிட்டு மேல கிடக்கிற நண்டத் தூக்குவார். நான் அத வாங்க மாட்டன். அவருக்கும் தெரியும் நான் வாங்க மாட்டன் எண்டு. நண்டு பாக்கிறதுக்கு எங்கட அப்பா பழக்கினது இதுதான்: வடிவப் பாக்காத, பாரத்தப் பார். ஒரே அளவில ரெண்டத் தூக்கி ரெண்டு கைலயும் வச்சா எது கைய அமத்துதோ அதுக்குள்ளதான் சதை. பிறகு வயித்துப் பக்கம் பெருவிரலால அமத்திப் பாக்கோணும், உள்ளுக்குப் போச்செண்டா வை கீழ. பறுவம், அதான் பௌர்ணமி, கிட்டினா நண்டே வேணாம், அந்த நேரத்து நண்டு ஓட்டுக்குள்ள தண்ணியாத்தான் இருக்கும் எண்டு நானாவே சொல்லுவார், விக்கிற மனுசனே அப்பிடிச் சொல்லுறதாலதான் அவர்ட்டயே போறன். பறுவக் கிழமைல இறால், அல்லது கணவாய். வாங்கி முடிய அவர்ட பக்கத்துத் தட்டில எருமைத் தயிர், மண் சட்டில, மேல ஆடை மஞ்சளா. கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துத் தயிர் வாங்கினவனுக்குப் பிளாஸ்டிக் கப் தயிர் தயிராத் தெரியாது. சட்டியக் கவிழ்த்தாலும் விழாது எண்டு காட்டுறதுக்கு ஒருத்தர் ரோட்டில வச்சுக் கவிழ்த்தே காட்டுவார், நான் எப்பவும் ரெண்டு அடி பின்னால நிண்டுதான் அதப் பாக்கிறது.

வீட்டில நண்டக் கழுவி உடைக்கிறது என்ட வேலை. கோதக் கழட்டி, பூவ எடுத்து, ரெண்டா முறிச்சு, பெரிய கால அம்மிக் குழவியால லேசா ஒரு தட்டு, சதை நசியாம ஓடு மட்டும் வெடிக்கிற மாதிரி. பிறகு குசினி அம்மாட ராச்சியம். வெந்தயமும் பெருஞ்சீரகமும் எண்ணெய்ல வெடிக்கும், வெங்காயம், உள்ளி, கறிவேப்பிலை, வறுத்த மிளகாய்த்தூள், கடைசிப் பால்ல அவிய விட்டு, புளி கரைச்சு விட்டு, கடைசில முதற்பால். இறக்கிறதுக்கு முன்னம் முருங்கை இலை ஒரு கைபிடி. அந்த இலை நண்டின்ட சூட்டுக்கு எண்டு சொல்லுவினம், எனக்கு அது மருந்தோ என்னவோ தெரியாது, அந்த இலை விழுந்த உடன ஒரு வாசம் வரும் பாருங்கோ, அடுத்த வீட்டு மாமா பேப்பரோட எங்கட திண்ணைக்கு வாறது சரியா அந்த நேரம்தான். "சும்மா பேப்பர் பாக்க வந்தனான்" எண்டு சொல்லுவார். அவர் வீட்டிலயும் வாரவெளியீடு வாங்கிறதுதான்.

பேப்பர்ல முதல் அவர் பாக்கிறது மரண அறிவித்தல், பிறகு ராசிபலன், அரசியல் கடைசில, அதுவும் தலைப்பு மட்டும். நான் கட்டுரைகள எடுத்துக்கொண்டு ஒரு மூலைல இருப்பன், மகள் சிறுவர் பக்கத்தில நிறம் தீட்டுவா, நிறம் அடுத்த பக்கத்துக்கும் ஊறி அங்க இருக்கிற மந்திரி பச்சையா ஆகிடுவார். ஃபோன்ல எல்லாச் செய்தியும் முதல் நாளே பாத்ததுதான். ஆனாலும் கடதாசியப் பிரிச்சுப் பங்கு போட்டு, ஒரு ஆள் ஒரு துண்ட வச்சுக்கொண்டு மற்றவர்ட துண்டுக்குக் காத்திருக்கிறதில ஒரு சுகம் இருக்கு, அத ஃபோன் தரேல்ல.

மத்தியானச் சாப்பாட்டப் பற்றி எழுத மாட்டன், நண்டு தின்னேக்க ஒருத்தரும் கதைக்கிறேல்ல, எழுதவும் ஒண்டும் இல்ல. 

அதுக்குப் பிறகு நித்திரை. ஜூன், ஜூலைல கச்சான் காத்து மேற்கால இருந்து வீசும், வயல் வெளி, காடு எல்லாத்தின்ட சூட்டையும் அள்ளிக்கொண்டு வரும், ரெண்டு மணிக்கு ரோட்டில நாய் கூட நடக்காது. அந்த நேரம் ஹோல்ல சீமெந்து நிலத்தில பாய் கூட இல்லாமப் படுக்கோணும், ஜன்னல எல்லாம் சாத்தி, ஃபேன மூண்டில வச்சு. பகல்ல படுத்தா உடம்புக்குக் கூடாது எண்டு கிழமை முழுக்கச் சொல்லுற அம்மாதான் முதல் குறட்டை. மூண்டரைக்குப் பிறகு கடற்காத்துத் திரும்பிட்டுது எண்டா திரைச்சீலை அசையும், அதோட ஒழுங்கைக்குள்ள பாண் விக்கிற சூன் பாண் ஆட்டோ அந்த ஒரே பியானோ மெட்டப் போட்டுக்கொண்டு வரும். இலங்கை முழுக்க ஒரே மெட்டு. மாலு பாணும் சீனிச்சம்பல் பணிசும் வாங்கிப் பால்ரீயோட சாப்பிட்டா பின்னேரம் தொடங்கிட்டுது.

மழைகாலத்தில இந்த வரிசை எல்லாம் மாறிடும், அதையும் சொல்லோணும். நவம்பர் டிசம்பர்ல வாடை தொடங்கினா கிழக்குக் கடல் கறுத்துக் கொதிக்கும், கரைக்குக் கிட்டப் போகேலாது, போட் ஓடாது, மீன் விலை ஏறும். அந்தக் காலத்து ஞாயிறுகளுக்குத்தான் கன்னியா. வெயில்காலத்தில கன்னியாவுக்குப் போய் வெந்நீர் அள்ளிக் குளிக்கிறதில என்ன இருக்கு எண்டு எனக்கு விளங்கிறேல்ல, டூரிஸ்ட் ஆக்கள் ஆகஸ்ட் மத்தியானத்தில போய் நிப்பினம். தூறலுக்குள்ள, குளிர்ல மேல் சிலுக்கேக்க, அந்த ஏழு சின்னக் கிணறுகள்ல ஒண்டுக்குப் பக்கத்தில குந்தி முதல் வாளியத் தலைல ஊத்திப் பாருங்கோ. ஏழும் ஏழு சூடு. ஒண்டில அள்ளி ஊத்திட்டு "சை, இது காணாது" எண்டு அடுத்ததுக்குப் போய், அது கூடிப்போச்செண்டு திரும்பி வந்து, இப்பிடி அலையிறதுலயே நேரம் போகும். ராவணன் தாய்ட கிரியைக்காக அம்பு குத்தி எடுத்த தண்ணி எண்டது கதை, செத்தவைக்குச் செய்யிற அந்தியேட்டிக் கிரியைக்கு வாற ஆக்களும் இருப்பினம், பக்கத்தில சின்னப் பெடியள் ஆளுக்காள் தண்ணிய எத்திச் சிரிச்சுக்கொண்டும் நிப்பினம், ரெண்டும் ஒண்டுக்கொண்டு இடைஞ்சல் இல்லாம நடக்கும்.

புறாமலைக்கு ஞாயிற்றுக்கிழமை போகாதேங்கோ. 2003ல தேசியப் பூங்கா ஆக்கின தீவு, பவளப்பாறை இருக்கிற இடம், லீவு நாள்ல போட்டுக்கு மேல போட், முருகைக் கல்லுக்கு மேல ஏறி நிண்டு படம் எடுக்கிற ஆக்கள். கிழமை நாளொண்டில லீவு போட்டுப் போங்கோ. திமிங்கிலம் மார்ச்சில இருந்து ஆகஸ்ட் மட்டும் வரும், வெள்ளைக்காரர் எங்கயோ இருந்தெல்லாம் வந்து பாக்கினம், எங்கட ஊர் ஆக்கள்ல கனபேர் இன்னும் பாக்கேல்ல, அது அங்கதானே இருக்கு, எங்க போகப் போகுது எண்ட நினைப்பு.

பின்னேரத்துக்கு ரெண்டு வழி. மகள் முடிவெடுத்தா டச்சு பே, நான் முடிவெடுத்தா உட்துறைமுகம். டச்சு பே எண்டா சனம், பட்டம், மணல்ல கிரிக்கெட், கச்சான் கடலை விக்கிற ஆள், மாங்காய வெட்டி உப்பும் தூளும் போட்டுத் தாற வண்டில், ஈரக் கவுணோட தண்ணிய விட்டு வர மாட்டன் எண்டு அழுகிற பிள்ளையள். போற வழில மக்கெய்சர் மைதானத்தில புட்போல் மேட்ச் நடந்தா மதிலடில கொஞ்ச நேரம் நிக்கோணும், அது கடமை, ரெண்டு டீமும் ஆர் எண்டு தெரியாட்டியும் றெஃபரிக்கு ஏசுறதுக்கு ஒரு தடையும் இல்ல. தமிழ், சிங்களம் எண்டு ரெண்டு பாசைலயும் ஏச்சு விழும், றெஃபரிக்கு ரெண்டும் விளங்கும், பாவம்.

உட்துறைமுகப் பக்கம் இன்னொரு மாதிரி. அங்க காலமைல வெயில், பின்னேரம் காத்து. கரையோர ரோட்டில மரத்தடில சைக்கிள், மோட்டர்சைக்கிள் நிப்பாட்டிட்டு ஆக்கள் தண்ணியப் பாத்து இருப்பினம், தூண்டில் போடுற ஆள் ஒருத்தர் எப்பவும் நிப்பார், அவர் மீன் பிடிச்சு நான் கண்டதில்ல, கேட்டா "இப்பத்தான் ஒண்டு தப்பினது" எண்டுவார். அங்கால சீனன்குடாப் பக்கம் மாவு ஆலை, அதுக்குப் பின்னால காட்டுக்குள்ள பழைய எண்ணெய்த் தாங்கிகள். 1942 ஏப்ரல் 9ல ஜப்பான் பிளேன்கள் வந்து குண்டு போட்டது இந்தத் துறைமுகத்துக்குத்தான், அப்ப ஊர்ச்சனம் மூட்டையக் கட்டிக்கொண்டு ஓடினதாம். இப்ப அதே தண்ணில ஒரு வள்ளம், ஒரு நேவி போட், ஆறு மணிக்குப் பிறகு மலைகளுக்குப் பின்னால சூரியன் இறங்கேக்க தண்ணி முழுக்கச் செம்மஞ்சள். மனிசியும் நானும் கிழமை முழுக்கக் கதைக்காத கதைகள் அங்கதான் கதைக்கிறது, பள்ளிக்கூடக் காசு, கூரை ஒழுக்கு, ஆர் வீட்டுக் கலியாணத்துக்கு என்ன குடுக்கிறது. ரொமான்ஸ் எண்டு நினைச்சுப் போற இளம் சோடியள் எங்கள மாதிரி ஆக்களுக்குப் பக்கத்தில இருந்தா பாவம், தேங்காய் விலையத்தான் கேப்பினம்.

இருட்டினா ஊர் ரெண்டாப் பிரியும். கொழும்புக்கு வேலைக்குப் போற பெடி பெட்டையள் பேக்கக் கொழுவிக்கொண்டு ஸ்டேசன் பக்கமும் பஸ் பக்கமும் போவினம், தாய்மார் கட்டிக் குடுத்த சாப்பாட்டுப் பார்சலின்ட வாசம் மெயில் றெயிலுக்குள்ள ஒவ்வொரு பெட்டிலயும் இருக்கும், நானும் அந்தப் பார்சலோட போனவன்தான். போகத் தேவை இல்லாத ஆக்கள் கொத்துரொட்டிக் கடையடில நிப்பினம். தகரத்தில ரெண்டு கத்தியும் அடிக்கிற சத்தம் என்.சி. ரோட்டால வாறவனுக்கு அடுத்த சந்தி மட்டும் கேக்கும்.

நாங்க கொத்து வாங்கிறேல்ல, ஞாயிற்றுக்கிழமை இரவு வாங்கவே ஏலாது. ஏனெண்டா திங்கள் சிவனுக்கு, எங்கட வீட்டில மரக்கறி. சட்டில நண்டு மிச்சம் இருந்தா அது இரவுக்குள்ள முடியோணும், நாளைக்கு அந்தச் சட்டிக்கே குசினில இடமில்ல, கழுவிக் கவிழ்த்து வெளில வைக்கோணும் எண்டது அம்மாட ஓடர். அதால வரேக்க ரெண்டு றாத்தல் ரோஸ் பாண். மத்தியானத்தில இருந்து ஊறின குழம்பு இரவு இன்னும் இறுகியிருக்கும், முருங்கை இலை கறுத்து, புளி உள்ளுக்குப் போய், சதைய விட அந்தக் குழம்புதான் அப்ப பெறுமதி, பாணப் பிச்சு ஒத்தி ஒத்தி எடுக்கிறது. மனிசி பிள்ளைட யூனிபோர்ம் அயர்ன் பண்ணிக்கொண்டு "எனக்கு ஒரு கால் வையுங்கோ" எண்டு உள்ளுக்க இருந்து கத்துவா. மகள் வச்ச மாதிரிக் காட்டி எடுத்திருவா. கடைசில சட்டிய வழிக்கிறது ஆர் எண்டதில எனக்கும் அம்மாவுக்கும் ஒரு சின்ன இழுபறி நடக்கும், பிரஷருக்கு மருந்து குடிக்கிற மனுசிக்கு இவ்வளவு உப்பும் உறைப்பும் கூடாது எண்டு நான் சொல்லுவன், பெத்தவளுக்குச் சட்டில கிடக்கிற சொட்டுக் குழம்பக் குடுக்காதவன் எல்லாம் ஒரு பிள்ளையா எண்டு அவ கேப்பா, கேட்டுக்கொண்டே பாண்த் துண்டு உள்ளுக்குப் போயிரும்.